பிரைமர் பற்றிக் கேட்ட பிள்ளைகளுக்கு

 

போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கார் கொட்டகையில் எடுத்தது. மேசையில் கைப்பிடி வைத்த ஓர் இயந்திரம், பித்தளைக் கூடுகள், சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். "டீச்சர், ரிட்டயர் ஆனப்புறம் தோட்டா செய்யக் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டு வந்த செய்திகளை எண்ணி முடியவில்லை. "அத்தை, ஒஹாயோ போயும் உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாதா?" என்று மதுரையிலிருந்து அண்ணன் மகள் போனிலேயே சண்டை பிடித்தாள். டெக்சாஸில் எச்1பி விசாவில் இருக்கும் ஒரு மாணவர் மட்டும் தனியாக எழுதியிருந்தார்: "டீச்சர், நானும் ரீலோடிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எந்த பிரைமர் வாங்கணும்னு அந்தத் தாத்தாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே போடுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. நான் துப்பாக்கியைத் தொடவில்லை. விசிட்டர் விசாவில் வந்தவள், தொடவும் கூடாது. அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். நான் செய்ததெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததும் கேள்வி கேட்டதும்தான். என் மாப்பிள்ளை ஒரு வருடமாகக் குறிபார்த்துச் சுடும் கிளப்புக்குப் போகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் அவருக்கு வாத்தியார். எழுபதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்கக் கடைசல் இயந்திரத்தில் அச்சு செய்தவர். அளவு விஷயத்தில் நம் கணக்கு வாத்தியார்களைவிடக் கறார்.

வீட்டில் குழந்தை இருக்கிறான். இந்த வேலை எவ்வளவு ஆபத்து என்று தெரியாமல் மகளுக்கும் எனக்கும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் போய்ப் பார்த்தேன்.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, நுனியில் குண்டு, அடியில் நடுக்குழியில் ஒரு சின்னப் பொட்டு. அந்தப் பொட்டுதான் பிரைமர். சுட்ட பிறகு குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பொட்டு நசுங்கிவிடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். நான்கில் அதிகச் செலவு பிடிப்பது அந்தக் கூடுதான். அதைச் சுத்தம் செய்து, அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்துத் திரும்பப் பயன்படுத்துவதுதான் ரீலோடிங். இங்கே சட்டப்படி பலர் செய்யும் பொழுதுபோக்கு.

தீபாவளிக்குச் சுருள் கேப் துப்பாக்கி வெடித்த பிள்ளைகள் நீங்கள். பிரைமர் அந்தப் பொட்டின் பெரியண்ணன். ஒரு குட்டிக் கிண்ணம். அதன் அடியில் அடிபட்டால் தீப்பிடிக்கும் கலவை. அதன்மேல் ஒரு சின்ன உலோகத் துண்டு, கொல்லன் பட்டடைக்கல் மாதிரி. துப்பாக்கியின் முள் வந்து கிண்ணத்தில் இடிக்கும்போது கலவை கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் நடுவில் நசுங்கித் தீ பறக்கிறது. அந்தத் தீ குழியில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கிறது.

கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். நம் தீப்பெட்டியில் குச்சியில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கத்தில் வேறொரு மருந்து. இரண்டும் தனித்தனியாக இருப்பதால்தான் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறோம். பிரைமரில் அப்படிப் பிரிவினை கிடையாது. எல்லாம் ஒரே கிண்ணத்துக்குள். இடித்தால் போதும்.

இந்த வித்தையின் ஆரம்பம் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்பவர். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் முதலில் வெளியே பளிச்சென்று தீ தெரியும், அதைப் பார்த்தே பறவைகள் பறந்துவிடும், அந்த எரிச்சலில்தான் அவர் அடித்தால் பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குள் கொண்டுவந்தார் என்பார்கள். 1807இல் காப்புரிமை வாங்கினார். பிறகு 1860களில் இரண்டு பேர் இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் பாக்ஸர், அமெரிக்காவின் பெர்டான். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலேயரின் பாக்ஸர் வகைதான் அமெரிக்காவில் ஓடுகிறது. அமெரிக்கரின் பெர்டான் வகை ஐரோப்பாவில் ஓடியது. பாக்ஸர் வகையில் பட்டடை பிரைமருக்குள்ளேயே இருக்கும், கூட்டில் நடுவில் ஒரே ஓட்டை. பெர்டான் வகையில் பட்டடை கூட்டிலேயே இருக்கும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை. பழைய பிரைமரை நடு ஓட்டை வழியாக ஊசி விட்டுத் தள்ளுவதால் வீட்டில் ரீலோட் செய்பவர்கள் பாக்ஸர் கூட்டைத்தான் எடுப்பார்கள். தெரியாமல் பெர்டான் கூட்டை வைத்து அழுத்தினால் ஊசி உடையும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை கடைக்குப் போனார். அவருக்கு வேண்டியது சின்ன பிஸ்டல் பிரைமர். அது இருப்பில் இல்லை. கடைக்காரர் சின்ன ரைஃபிள் பிரைமர் பெட்டியைக் கொடுத்து, "ரெண்டும் ஒரே அளவுதான், கச்சிதமா உட்காரும்" என்று சொல்லியனுப்பிவிட்டார். மாப்பிள்ளை சந்தோஷமாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெரியவர் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இன்னைக்கு வேலை இல்லை. இன்னைக்குப் பாடம்" என்றார்.

அவர் சொன்ன பாடத்தை என் பாணியில் தருகிறேன்.

1. அளவு. பிரைமரில் வழக்கமாக இரண்டு விட்டம். சின்னது 0.175 அங்குலம், அதாவது ஏறக்குறைய 4.45 மில்லிமீட்டர். பெரியது 0.210 அங்குலம், ஏறக்குறைய 5.33 மில்லிமீட்டர். 9 எம்எம், .38 ஸ்பெஷல், .357 மேக்னம் இவற்றுக்குச் சின்னது. .44 மேக்னத்துக்குப் பெரியது. .45 ஏசிபிதான் குழப்பக்காரன். வழக்கமாகப் பெரியது, ஆனால் சின்னக் குழியோடும் கூடுகள் வருகின்றன. மைதானத்தில் பொறுக்கிய .45 கூடுகளை முதலில் இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் போட்டால் பெரிய பிரைமரைச் சின்னக் குழியில் அழுத்துகிற நிலைமை வரும். இடித்தால் வெடிக்கும் பொருளை அழுத்துகிறோம் என்பதை மறக்காதீர்கள்.

2. பிஸ்டலா, ரைஃபிளா. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. சின்ன பிஸ்டல், சின்ன ரைஃபிள் இரண்டும் வெளி அளவில் ஒன்றேதான். வித்தியாசம் கிண்ணத்தின் தகட்டில். ரைஃபிள் கிண்ணம் தடிமன், கெட்டி. ஏன்? .38 ஸ்பெஷல் தோட்டாவுக்குள் அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 9 எம்எம் தோட்டாவில் 35,000. .223 ரைஃபிளில் 55,000. காருக்கு நாம் அடிக்கும் காற்று 32 பவுண்டு சுற்றித்தான் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்களைத் திரும்பப் படியுங்கள். ரைஃபிளின் அழுத்தத்தைத் தாங்கத்தான் அந்தத் தடிமன்.

கெட்டியானதைக் கைத்துப்பாக்கியில் வைத்தால் முள் இடிப்பது போதாமல் போகலாம். சில துப்பாக்கிகளில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. விசையை லேசாக்கி வைத்த ரிவால்வரில் கேட்கவே வேண்டாம். 2020இல் ஆரம்பித்துக் கொஞ்ச காலம் இந்த நாட்டில் பிரைமர் பஞ்சம். ஆயிரம் முப்பது நாற்பது டாலருக்கு வாங்கியதை நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். கிடைத்ததை வைத்துப் பலர் ஒப்பேற்றினார்கள். அந்தக் காலத்தில் கிளப் போட்டியில் ஒருவர் இப்படிச் செய்து, ஆறில் இரண்டு வெறும் 'டக்' என்று நின்றதைப் பெரியவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். வெடிக்காத தோட்டாதானே என்று உடனே திறந்துவிடக் கூடாது. சில சமயம் தாமதமாக வெடிக்கும். குழலை இலக்கின் பக்கமே பிடித்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும்.

மாற்றிச் செய்தால் இன்னும் மோசம். மெல்லிய பிஸ்டல் பிரைமரை ரைஃபிளில் வைத்தால் தகடு துளைபட்டு, சூடான வாயு சுடுகிறவரின் முகத்துப் பக்கம் பீறிட்டு வரலாம். கண்ணாடி போடாமல் இந்தப் பக்கமே போகாதீர்கள் என்பது இதனால்தான்.

பெரிய அளவில் வேறு சிக்கல். பெரிய ரைஃபிள் பிரைமர் பெரிய பிஸ்டல் பிரைமரைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் உயரம் கூட. கைத்துப்பாக்கிக் கூட்டில் வைத்தால் வெளியே துருத்தி நிற்கும்.

3. சாதாரணமா, மேக்னமா. மேக்னம் பிரைமரின் தீ கொஞ்சம் பலமானது. மெதுவாக எரியும், பற்றவைக்கச் சிரமமான சில மருந்துகளுக்கும் கடுங்குளிருக்கும் அது வேண்டும். மாப்பிள்ளை கேட்டார்: "பலமா இருந்தா நல்லதுதானே?" பெரியவர் சிரித்தார். சாதாரணப் பிரைமருக்குக் கணக்குப் போட்ட மருந்தளவில் மேக்னத்தை வைத்தால் அழுத்தம் ஏறும். ஏற்கெனவே உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கணக்கு என்றால் எல்லை தாண்டும். புத்தகம் மேக்னம் கேட்கிற இடத்தில் சாதாரணத்தை வைத்தாலும் தப்பு. மருந்து சரியாகப் பற்றாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். மருந்தே இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்தால்கூடக் குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டு நிற்கும் என்று அவர் சொன்னபோதுதான் அந்தப் பொட்டின் சக்தி எனக்கு உறைத்தது.

4. எண்ணை மட்டும் நம்பாதே. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெரியவர் அலமாரியிலிருந்து இரண்டு பெட்டி எடுத்தார். இரண்டிலும் 200 என்று போட்டிருக்கிறது. ஃபெடரல் நிறுவனத்தின் 200 என்றால் சின்ன பிஸ்டல் மேக்னம். சிசிஐ நிறுவனத்தின் 200 என்றால் பெரிய ரைஃபிள். "200 வாங்கிட்டு வா" என்று யாராவது சொன்னால் என்ன வாங்குவீர்கள்? நம் வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவோமே, அது மாதிரி நிறுவனம், எண், வகை மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சிசிஐயில் சின்ன பிஸ்டல் 500, பெரிய பிஸ்டல் 300. ஃபெடரலில் சின்ன பிஸ்டல் 100, பெரிய பிஸ்டல் 150. வின்செஸ்டரின் பெரிய பிஸ்டல் பிரைமர் சாதாரணம், மேக்னம் இரண்டுக்கும் ஒன்றே என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு வழக்கம்.

5. ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்று. லைமன், ஸ்பியர், ஹார்னடி என்று கையேடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு கணக்குக்கும் எந்தக் கூடு, எந்தக் குண்டு, எந்தப் பிரைமர் வைத்துச் சோதித்தார்கள் என்று இருக்கும். அதில் ஒன்றை மாற்றினாலும் பழைய உச்சக் கணக்கு செல்லாது. கையேட்டின் ஆரம்ப அளவுக்கு இறங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். ஒரே வகையில் நிறுவனம் மாறினாலும் இதேதான். இணையத்தில் யாரோ சொன்னது கணக்கு ஆகாது.

6. உட்காரவைப்பது. சரியான பிரைமரும் சரியாக உட்கார வேண்டும். கூட்டின் அடிப்பரப்புக்குச் சமமாக, அல்லது ஒரு நூலளவு உள்ளே. மேலே நின்றால் முள்ளின் முதல் இடி அதை உள்ளே தள்ளவே செலவாகிவிடும், வெடிக்காது. ரிவால்வரில் உருளையே சுற்றாமல் உரசி நிற்கும். பெரியவர் ஒவ்வொரு கூட்டின் அடியையும் விரல் நுனியால் தடவிப் பார்க்கிறார். நெல் மணியைத் தடவிப் பதர் கண்டுபிடிப்பது மாதிரி. ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி விளிம்பை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அந்த விளிம்பை நீக்கிவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு மாப்பிள்ளை, "அப்போ இதைத் தூக்கிப் போட்டுடவா?" என்றார். "உட்காரும் என்பது ஒரு கேள்விக்குத்தான் பதில். இன்னும் ஐந்து கேள்வி இருக்கு" என்றார் பெரியவர். பெட்டி பிரிக்காமலேயே அவர் அலமாரிக்குப் போனது. அவரிடம் ரைஃபிள் இருக்கிறது, அதற்கு ஆகும். இரண்டு வாரம் கழித்துச் சரியான பிரைமர் வந்தது. அதுவரை மாப்பிள்ளை சுடவில்லை. அவ்வளவுதான் நஷ்டம்.

முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவள் என்ற முறையில் அந்தப் பதிலை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். எத்தனை பிள்ளைகளை "மார்க் இருக்கு, சீட் கிடைச்சிருச்சு" என்று பொருந்தாத குழியில் வைத்து அழுத்தியிருக்கிறோம் என்று பெற்றோர்கள் யோசித்துப் பாருங்கள். இதற்கு மேல் இதை இழுக்க வேண்டாம்.

இப்போது வீட்டு விஷயம். எங்கள் பயம் வெடிப்பதைப் பற்றி இருந்தது. பெரியவர் சொன்னது வேறு ஒன்றை. சாதாரணப் பிரைமர் கலவையில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூடுகளில் அந்தத் துகள் ஒட்டியிருக்கும். கூடுகளைக் குலுக்கிச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் எழும் தூசியிலும் இருக்கும். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பது இந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிலைப்பாடு. அதைக் கேட்டதும் மகள் முகம் மாறிவிட்டது. எட்டு வயசுப் பையன் அப்பா வந்ததும் ஓடிப்போய் மடியில் ஏறுகிறவன்.

அன்றிரவு இருவருக்கும் வாக்குவாதம். நான் நடுவில் போகவில்லை. காலையில் மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னேன்: "மாப்பிள்ளை, உங்க பொழுதுபோக்கை விடச் சொல்லலை. அது இந்த வாசப்படியைத் தாண்டி வரவேண்டாம். அவ்வளவுதான்." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி அத்தை" என்றார். இப்போது இயந்திரம், பெட்டிகள், கூடுகள் எல்லாம் பெரியவர் கொட்டகையில், பூட்டிய அலமாரியில். வேலை முடிந்ததும் அங்கேயே சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றி, வேறு செருப்பில் வீட்டுக்கு வருகிறார். பேரன் வாசலில் நின்று, "ஆச்சி, அப்பா கை கழுவிட்டாரான்னு கேளுங்க" என்று எனக்கு உத்தரவு போடுகிறான்.

சேமிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரைமரை அது வந்த பெட்டியிலேயே வைக்க வேண்டும். அந்தப் பெட்டியில் ஒவ்வொன்றும் ஒன்றையொன்று தொடாமல் தனிக் குழியில் இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. கண்ணாடி பாட்டிலில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். வீட்டில் 10,000க்கு மேல் வைக்கக் கூடாது என்று இங்கே தீ பாதுகாப்பு விதித் தொகுப்பு சொல்கிறது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்தை மொத்தமாகக் குவிக்காதே, உரசாதே, தேவைக்கு மேல் மேசையில் வைக்காதே என்பது நம் ஊரில் பாலோடு சேர்த்து ஊட்டியது.

கடைசியாக, டெக்சாஸ் மாணவருக்கு. தம்பி, எந்த பிரைமர் என்று கேட்டாய். உனக்கு என் பதில், எதுவும் வேண்டாம் என்பதுதான். எச்1பி, மாணவர் விசா, விசிட்டர் விசா எல்லாம் குடியேறாதோர் விசா. அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை சொல்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அந்தச் சட்டத்தில் 'தோட்டா' என்ற சொல்லுக்குள் பிரைமரும் வருகிறது, வெறும் கூடும் வருகிறது. ஒரு பெட்டி பிரைமர் உன் அலமாரியில் இருந்தாலே சிக்கல் வரலாம். விலக்கு உனக்குப் பொருந்துமா என்று ஒரு வக்கீலிடம் கேட்காமல் கடை வாசலை மிதிக்காதே. என் மாப்பிள்ளை கிரீன் கார்டு வந்த பிறகுதான் ஆரம்பித்தார். நான் தொடாமல் பார்த்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

நம் ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வருபவர்கள் சாவிக்கொத்துக்கு அழகாக இருக்கிறதே என்று காலிக் கூட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். விமான நிலையத்தில் போலீசுக்குப் பதில் சொல்லி மாளாது. பிரைமரை விமானத்தில் கொண்டுபோகவே முடியாது, கைப்பையிலும் சரி, பெரிய பெட்டியிலும் சரி.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சி மட்டும். வேதியியல் படித்த பிள்ளைகளும் தீப்பெட்டித் தொழிலில் இருக்கும் பிள்ளைகளும் இதில் சேர்க்க ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறேன். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். சித்திரை கடைசியில் எல்லோரையும் பார்க்கலாம்.

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்